அவனுக்குத் தெரியும் என்பதுதானே உங்கள் பயம்?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா. எனக்கு வயது 23. பி.எட். படிக்கிறேன். கடற்கரையோர ஊர். எட்டு மாதமாகத் தொழுகையில் நிற்கும்போது அல்லாஹ்வைப் பற்றி வாயால் சொல்ல முடியாத ஒரு வார்த்தை மனதில் வருகிறது. ஸஜ்தாவில் இன்னும் அதிகம். உடனே மனதுக்குள் கலிமா சொல்லி, தொழுகையை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன். தக்பீர் சொல்லும்போது நிய்யத் சரியாக வந்ததா என்று தெரியாமல் பத்துப் பதினைந்து தடவை கையைக் கட்டி அவிழ்க்கிறேன். உளூச் செய்ய முக்கால் மணி நேரம். குர்ஆன் முஸ்ஹஃபைத் தொடவே பயம். ரமலானில் ஒரு பயானில், ‘உள்ளத்தில் மறைத்ததற்கும் அல்லாஹ் கணக்குக் கேட்பான்’ என்று ஆயத் ஓதிச் சொன்னார்கள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. மனிதர்களிடம் மறைக்கலாம், அவனிடம் எப்படி மறைப்பது? உம்மா ஓதி ஊதிய தண்ணீர் வாங்கித் தந்தார்கள். மூன்று ஹஜ்ரத்மார்களிடம் கேட்டுவிட்டேன். ஒன்றுமில்லை என்கிறார்கள், வீட்டுக்கு வருவதற்குள் மறுபடியும் சந்தேகம். துல்ஹஜ்ஜில் எனக்கு நிக்காஹ். என்னிடம் ஈமானே இல்லை என்றால் அந்த நிக்காஹ் கூடுமா? மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா? சில இரவுகளில் மவ்த்தாகிவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது. அந்த வார்த்தை ‘..........’ எழுத முடியவில்லை ராத்தா. இவ்வளவு எழுதியதே அதைப் பேசியதாக ஆகிவிடுமா?
— பெயர் வேண்டாம்

வ அலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதியதுபோல எழுதியிருக்கிறீர்கள், மவ்த்தாகிவிட்டால் நல்லது என்று சில இரவுகளில் தோன்றுவதாக. மற்றதெல்லாம் பிறகு. அந்த எண்ணம் வெறுமனே தோன்றி மறைவதைத் தாண்டி, எப்படி, எப்போது என்று யோசிக்கும் இடத்துக்கு ஒருமுறையாவது போயிருந்தால், இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு உம்மாவை எழுப்புங்கள். 14416-க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். டெலி மானஸ் என்பார்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அப்படியெல்லாம் இல்லை, களைப்பில் வருவதுதான் என்றாலும், மருத்துவரைப் பார்க்கும்போது இந்த வரியை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. நான் மனநல ஆலோசகர், முஃப்தி கிடையாது. ஃபத்வா கொடுக்கிற தகுதி எனக்கில்லை. ஆனால் இந்த நோயோடு என்னிடம் வருகிறவர்களில் தொழுகையாளிகள் அதிகம். அவர்கள் கேட்கிற கேள்விகள் எல்லாம் ஈமானை, அதாவது இறைநம்பிக்கையைப் பற்றியவை. அதனால் நம் ஆலிம்கள் இதைப் பற்றி என்ன எழுதிவைத்திருக்கிறார்கள் என்று தேடிப் படிக்க வேண்டி வந்தது. படித்தபோது எனக்கே ஆச்சரியம். இந்தக் காலத்து மனநல மருத்துவம் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் அவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நின்றிருக்கிறார்கள்.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த ஆயத் அல்பகரா அத்தியாயத்தின் 284-ஆம் வசனம். உங்கள் உள்ளங்களில் இருப்பதை நீங்கள் வெளிப்படுத்தினாலும் மறைத்தாலும் அல்லாஹ் அதைப் பற்றி உங்களிடம் கணக்குக் கேட்பான் என்பது அதன் கருத்து. பயான் செய்தவர் தவறாக எதுவும் ஓதவில்லை. ஆனால் அந்த இடத்தில் நிறுத்தியது எனக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் அந்த ஆயத்தைக் கேட்டு முதன்முதலில் தூக்கம் கெட்டவர் நீங்கள் இல்லை. நபியின் தோழர்களான ஸஹாபாக்கள்.

ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தி இது. இந்த ஆயத் இறங்கியதும் தோழர்களுக்குத் தாங்கவில்லை. நபி (ஸல்) அவர்களிடம் வந்து முழந்தாளிட்டு உட்கார்ந்தார்கள். தொழுகை, நோன்பு, ஜிஹாது, தர்மம் என்று எங்களால் முடிந்ததைச் சொன்னீர்கள், செய்தோம். இந்த ஆயத் எங்கள் சக்திக்கு மீறியது என்றார்கள். மனதில் வருவதையெல்லாம் யார் கட்டி ஆள முடியும்? அவர்கள் கேட்டதும் அதுதான், நீங்கள் கேட்பதும் அதுதான். ‘கேட்டோம், மாறு செய்தோம் என்று உங்களுக்கு முன்பிருந்தவர்கள் சொன்னதுபோலச் சொல்லப்போகிறீர்களா? கேட்டோம், கீழ்ப்படிந்தோம் என்று சொல்லுங்கள்’ என்றார்கள் நபியவர்கள். சொன்னார்கள். அதன் பிறகு, எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்ற 286-ஆம் வசனம் இறங்கியது. நம் ஊர்களில் தினமும் இரவில் ஓதிவிட்டுப் படுக்கிறோமே, அதே ஆமனர் ரஸூல். முந்தைய ஆயத்தின் சட்டத்தை இது மாற்றிவிட்டதா, அல்லது அதன் பொருளைத் தெளிவாக்கியதா என்பதில் குர்ஆனுக்கு விளக்கவுரை எழுதிய தஃப்ஸீர் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எந்தப் பக்கம் போனாலும், தானாக வந்து போகிற எண்ணத்துக்குத் தண்டனை என்ற முடிவுக்கு யாரும் வரவில்லை.

286-ஆம் வசனத்தில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். ‘கஸபத்’, அதாவது சம்பாதித்தது. அது சம்பாதித்த நன்மை அதற்கு, அது தேடிக்கொண்ட தீமை அதன் மீது. அதே அத்தியாயத்தின் 225-ஆம் வசனம் சத்தியம் செய்வதைப் பற்றிப் பேசும்போதும், உங்கள் கல்புகள் (உள்ளங்கள்) சம்பாதித்ததற்காகத்தான் பிடிப்பான் என்கிறது. சம்பாதிப்பது என்றால் கை நீட்டி எடுப்பது. விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் காற்று கொண்டுவந்து போட்ட குப்பை கிடக்கிறது. அதற்காக அந்த வீட்டுக்காரி குப்பை சம்பாதித்தாள் என்று யாராவது சொல்வார்களா?

மனதில் நடப்பதை ஆலிம்கள் ஐந்து படியாகப் பிரித்திருக்கிறார்கள். கல்யாண நகை எடுக்கப் போகப்போகிறீர்கள், அதையே எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் ஒரு தட்டு வளையலை முன்னால் வைத்துவிட்டுத் திரும்புகிறார். ‘இதில் ஒன்றை எடுத்துப் பர்தாவுக்குள் போட்டால்?’ என்று மின்னல்போல வெட்டி மறைகிறதே, அது ஹாஜிஸ். மறையாமல் ஒரு நிமிடம் தங்கினால் காதிர். எடுக்கலாமா, ஐயோ கேமரா இருக்குமா என்று உள்ளே பேச்சு நடந்தால் ஹதீஸுந் நஃப்ஸ். எடுக்கலாம் என்று மனம் சாய்ந்தால் ஹம்மு. எடுத்தே தீருவது என்று முடிவு கட்டி, தடுக்க ஆள் வந்ததால் மட்டும் நிறுத்தினால் அது அஸ்மு. முதல் மூன்றுக்கும் கணக்கே இல்லை. நான்காவதில், கெட்டதை நாடியவர் அல்லாஹ்வுக்காக அதை விட்டுவிட்டால் ஒரு முழு நன்மை எழுதப்படும் என்கிறது இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் குதுஸி. ஐந்தாவதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது பெரும்பான்மையான இமாம்களின் கருத்து. பெருமை, பொறாமை, முகஸ்துதி போன்ற கல்பின் நோய்களுக்கும் அப்படித்தான்; அவை ஆள் விரும்பி உள்ளே வைத்து வளர்ப்பவை.

உங்கள் வார்த்தை எந்தப் படியில் இருக்கிறது? முதல் படியில்கூடச் சரியாக உட்காரவில்லை. ஏனென்றால் வளையலையாவது கொஞ்சம் ஆசைப்பட்டுப் பார்த்திருப்பீர்கள். இந்த வார்த்தையைக் கண்டால் உடம்பெல்லாம் நடுங்குகிறது உங்களுக்கு.

அந்த நடுக்கத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. தோழர்களில் சிலர் நபியவர்களிடம் வந்து, வாயால் சொல்வதையே பெரும் பாவமாக நினைக்கிற விஷயங்கள் எங்கள் மனதில் வருகின்றன என்றார்கள். ‘உண்மையிலேயே அப்படி உணர்கிறீர்களா?’ என்று கேட்டார்கள். ஆம் என்றார்கள். ‘அதுதான் தெளிவான ஈமான்’ என்றார்கள் நபியவர்கள். இதுவும் ஸஹீஹ் முஸ்லிமில்தான். வந்த எண்ணத்தை ஈமான் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லவே கூசுகிறார்களே, அந்தக் கூச்சத்தைத்தான் ஈமான் என்றார்கள் என்று இமாம் நவவி விளக்குகிறார். வேறொரு அறிவிப்பில் ஒருவர், அதைப் பேசுவதைவிட நான் கரியாகிப்போவது எனக்குப் பிரியமானது என்கிறார். அதற்கு நபியவர்கள் அல்லாஹு அக்பர் என்று சொல்லி, ஷைத்தானின் சூழ்ச்சியை வெறும் வஸ்வாஸ், அதாவது மனதில் கிசுகிசுக்கும் ஊசலாட்டம் என்ற அளவில் நிறுத்திய அல்லாஹ்வுக்கே புகழ் என்றார்கள். அந்த மனிதரைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை.

‘அவனிடம் எப்படி மறைப்பது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் வெகுநேரம் நின்ற இடம் இது. ஏன் மறைக்க வேண்டும்?

அவனுக்குத் தெரியும் என்பதைப் போலீஸ்காரருக்குத் தெரிந்துவிட்டதுபோல நினைக்கிறீர்கள். போலீஸ்காரருக்குத் தெரிவது பாதிதான். வீட்டில் திருட்டுப் பொருள் இருந்தது என்று தெரியும். யார் கொண்டுவந்து வைத்தது என்று தெரியாது. அதனால் அவரிடம் நாம் விளக்க வேண்டும், சாட்சி கொண்டுவர வேண்டும். அல்லாஹ்வின் அறிவு அப்படிப் பாதியில் நிற்பதா? காஃப் அத்தியாயத்தின் 16-ஆம் வசனம், மனிதனை நாமே படைத்தோம், அவன் மனம் அவனிடம் எதைக் கிசுகிசுக்கிறது என்பதையும் அறிவோம், பிடரி நரம்பைவிட அவனுக்கு நாம் அருகில் இருக்கிறோம் என்கிறது. கிசுகிசுப்பதற்கு அங்கே வந்திருக்கும் சொல்லும் ‘வஸ்வாஸ்’ என்ற அதே வேரிலிருந்து வருவதுதான். ஆக அவனுக்கு அந்த வார்த்தை தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். அது வந்தபோது ஸஜ்தாவில் உங்கள் விரல்கள் பாயை இறுக்கிப் பிடித்ததும் தெரியும். அதை நீங்கள் அழைக்கவில்லை என்பது, உங்களுக்கே நிச்சயமில்லாத நேரத்திலும், அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். முல்க் அத்தியாயத்தில் உள்ளங்களில் இருப்பதை அறிந்தவன் என்று சொன்ன கையோடு, படைத்தவன் அறியமாட்டானா என்று கேட்டுவிட்டு, தன்னை அவன் சொல்லிக்கொள்ளும் பெயர்கள் லதீஃப், கபீர். நுட்பமானவன், நன்கறிந்தவன். லதீஃப் என்ற பெயருக்குள் மென்மையும் சேர்ந்தே இருக்கிறது.

மனிதர்களுக்குத்தான் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல உரிமை இல்லை. போர்க்களத்தில் ஒருவர் கலிமா சொன்ன பிறகும் உஸாமா (ரலி) அவரைக் கொன்றுவிட்டு, பயத்தில் சொன்னார் என்றபோது, ‘அவருடைய இதயத்தைப் பிளந்து பார்த்தாயா?’ என்று நபியவர்கள் கேட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்தவர் இதயத்தைப் பற்றிச் சொல்லப்பட்டது அது. ஆனால் எனக்கு என்னவோ, தன் இதயத்தைத் தானே தினமும் பிளந்து பிளந்து பார்க்கிறவர்களுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும் என்று தோன்றும். இது ஆலிம் சொன்ன விளக்கமில்லை, என் சொந்த எண்ணம். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொன்னதற்கே கூட அவன் கல்பைத்தான் பார்க்கிறான். அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அவர்களைச் சித்திரவதை செய்து குஃப்ரான, அதாவது இறைமறுப்பான வார்த்தையைச் சொல்ல வைத்தார்கள். அழுதுகொண்டே வந்தவரிடம், ‘உன் கல்பு எப்படி இருக்கிறது?’ என்று நபியவர்கள் கேட்டார்கள். ஈமானில் அமைதியாக இருக்கிறது என்றார். நிர்ப்பந்திக்கப்பட்டு, உள்ளம் ஈமானில் நிம்மதியாக இருப்பவரைத் தவிர என்று நஹ்ல் அத்தியாயத்தின் 106-ஆம் வசனம் விலக்குச் சொல்வது இவர் விஷயத்தில்தான் என்று தஃப்ஸீர்களில் வருகிறது. பாலைவனத்தில் ஒட்டகத்தைத் தொலைத்து, சாவை எதிர்பார்த்துப் படுத்து, அது திரும்பி வந்த சந்தோஷத்தில், ‘யா அல்லாஹ், நீ என் அடிமை, நான் உன் ரப்பு’ என்று உளறியவரையும் நினைத்துப் பாருங்கள். அடியான் தவ்பாச் செய்யும்போது அல்லாஹ் அவரைவிட அதிகம் மகிழ்கிறான் என்று சொல்வதற்காக நபியவர்கள் சொன்ன உவமை அது. அவர் வாயிலிருந்து வந்த சொல்லைவிடப் பெரிய குஃப்ர் இருக்க முடியுமா?

இவ்வளவும் மார்க்கத்தின் பக்கம். இதைப் படிக்கும்போது நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருக்கும். அதை நம்பாதீர்கள். அடுத்த தொழுகைக்குள் ‘ஆனால் என்னுடையது வேறு மாதிரி இருந்தால்?’ என்று ஆரம்பித்துவிடும். மூன்று ஹஜ்ரத்மார்களிடம் கேட்டு வந்தபோது நடந்தது அதுதானே? அவர்கள் சொன்னது தப்பில்லை. உங்களுக்கு வந்திருப்பது அறியாமை என்றால் பதில் கிடைத்ததும் போயிருக்கும். இது நோய். எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் சொல்கிறோம், மருத்துவர்கள் ஓசிடி என்பார்கள். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வாழ்நாளில் வருகிறது. அதில் மார்க்கத்தைப் பற்றிக்கொண்டு வருகிற வகை உங்களுடையது. கடிதத்தை வைத்தே இவ்வளவு உறுதியாகச் சொல்லலாமா என்றால் முறைப்படி கூடாது, நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல இருக்கிறது.

இந்த நோய்க்கு ஒரு குரூரமான புத்தி உண்டு. யாருக்கு எது உயிரோ அதைத்தான் குறிபார்க்கும். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கு, குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று வரும். பக்தியுள்ள இந்துப் பெண் கருவறை முன் நின்றால் அம்மன் மீது அசிங்கமான படம் வரும். கிறிஸ்தவர்களுக்கு நற்கருணை வாங்கும்போது வரும். அல்லாஹ்வைப் பற்றிக் கவலையே இல்லாதவருக்கு உங்கள் வார்த்தை வந்தால் ஒரு கணம் சிரித்துவிட்டு மறந்துபோவார். எண்ணம் எல்லோருக்கும்தான் வருகிறது. உங்களுக்கு அது ஒட்டிக்கொள்கிறது.

ஏன் ஒட்டுகிறது என்றால், நீங்கள் அதற்குப் பதில் சொல்கிறீர்கள். மனதுக்குள் கலிமா, தொழுகையை முறிப்பது, மறுபடி தக்பீர், உளூ, ஹஜ்ரத்திடம் கேட்பது, இப்போது எனக்கு எழுதியது, எல்லாமே பதில்தான். உங்கள் தெருவில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார் இல்லையா? ஒருநாள் ஒரு வாசலில் நின்று விலை பேசிவிட்டால் போதும், வாங்காவிட்டாலும் மறுநாள் சரியாக அந்த வாசலில் வந்து நிற்பார். ‘வேண்டாம் போங்க’ என்று கத்தினாலும் அதுவும் பேச்சுதான். உள்ளே உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

இதைச் சொல்வது மேற்கத்திய மருத்துவம் என்று உம்மா சந்தேகப்பட்டால், அவர்களிடம் இமாம் இப்னு ஹஜர் ஹைதமியின் பெயரைச் சொல்லுங்கள். மக்காவில் வாழ்ந்து ஹிஜ்ரி 974-ல் மறைந்தவர்கள். உங்கள் கடற்கரை ஊர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அவர்கள் சொல் சட்டம்போல. வஸ்வாஸ் என்ற நோய்க்கு மருந்து உண்டா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. பலன் தரும் மருந்து ஒன்று உண்டு, அதை அடியோடு புறக்கணிப்பதுதான், மனதில் எவ்வளவு தடுமாற்றம் இருந்தாலும் சரி என்று பதில் தந்தார்கள். கடைசி வார்த்தைகளைப் பாருங்கள். தடுமாற்றம் போன பிறகு புறக்கணி என்று சொல்லவில்லை. அது இருக்கும்போதே. இந்தக் காலத்தில் இந்த நோய்க்குக் கொடுக்கும் முதன்மையான பயிற்சியும் இதேதான்: எண்ணம் வரட்டும், பயம் ஏறட்டும், அதற்காக எதையும் செய்யாமல் இருங்கள், பயம் தானாக இறங்கும்.

இமாம் சொன்னதும் நபியவர்களின் வழியிலிருந்து எடுத்ததுதான். ஷைத்தான் வந்து இதைப் படைத்தது யார், அதைப் படைத்தது யார் என்று கேட்டுக்கொண்டே போய், உன் ரப்பைப் படைத்தது யார் என்பான். அப்போது அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடிவிட்டு நிறுத்திக்கொள்ளட்டும் என்றார்கள். அவனோடு உட்கார்ந்து விவாதம் செய்யச் சொல்லவில்லை. தொழுகையில் குறுக்கிடும் ஷைத்தானுக்கு கின்ஸப் என்ற பெயரையும் சொல்லி, பாதுகாப்புத் தேடி இடப்பக்கம் மூன்று முறை லேசாகத் துப்பச் சொன்னார்கள். ஆனால் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை: அஊது பில்லாஹியை ஒருமுறை சொல்லிவிட்டுத் தொழுகையைத் தொடர்வது ஸுன்னத். ‘சரியாகச் சொன்னேனா’ என்று இருபது முறை சொன்னால் அதுவே நோயின் கையில் விழுந்துவிடும். கொஞ்ச நாளைக்கு ஒருமுறையோடு நிறுத்துங்கள்.

தக்பீர் விஷயத்துக்கு வருவோம். ஷாஃபிஈ மத்ஹபில் தக்பீரோடு நிய்யத், அதாவது தொழும் எண்ணம் சேர்ந்திருக்க வேண்டும் என்று மதரஸாவில் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அந்த ‘சேர்ந்து’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் நோய் ஆடுகிறது. அல்லாஹு அக்பரின் அலிஃபிலிருந்து ரே வரைக்கும் ஒவ்வோர் எழுத்தோடும் நிய்யத்தை ஒட்டவைக்கப் பார்க்கிறீர்கள். அப்படி நுணுக்கமாகச் சேர வேண்டியதில்லை, வழக்கத்தில் ‘இவர் தொழுகையை நாடி நிற்கிறார்’ என்று சொல்லும் அளவுக்கு இருந்தால் போதும் என்ற கருத்தைத்தான் இமாமுல் ஹரமைனும் கஸ்ஸாலியும் சொல்ல, நவவி அதையே தேர்ந்தெடுத்திருக்கிறார். பாங்கு கேட்டு எழுந்து, உளூச் செய்து, தொழுகை உடுப்புப் போட்டு, கிப்லாவைப் பார்த்து நிற்கிறவர் வேறு எதை நாடி நிற்பார், பஸ்ஸுக்கா?

ஆகவே ஒரே தக்பீர். கையைக் கட்டிய பிறகு அவிழ்ப்பதில்லை. வார்த்தை வந்தால் வரட்டும், ஃபாத்திஹாவை அடுத்த எழுத்திலிருந்து தொடருங்கள். ஸலாம் கொடுக்கும் வரை போய்விட வேண்டும். முடித்த பின் திருப்பித் தொழுவதில்லை. முதல் வாரம் கொடுமையாக இருக்கும். பாழாய்ப்போன தொழுகையை அல்லாஹ்விடம் அனுப்பினேன் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும்.

உளூவுக்குக் குழாயை மூடுங்கள். ஒரு லிட்டர் குவளையில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். நபியவர்கள் ‘முத்’ என்ற ஓர் அளவு தண்ணீரில் உளூச் செய்தார்கள்; அது முக்கால் லிட்டருக்கு மேல் போகாது. உறுப்புக்கு மூன்று முறைக்கு மேல் கிடையாது. முறிந்துவிட்டதோ என்ற சந்தேகத்துக்கு, சத்தம் கேட்டால் அல்லது வாடை வந்தால் தவிரத் தொழுகையை விட்டுப் போகக் கூடாது என்ற ஹதீஸே இருக்கிறது. முஸ்ஹஃபைத் தினம் ஒரு பக்கம் திறங்கள். ஓதாவிட்டாலும் மடியில் வைத்திருங்கள்.

இதைத் தனியாகச் செய்யச் சொல்லவில்லை. பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், அங்கே போங்கள். ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மாத்திரை கொடுக்கலாம். அவை தூக்க மாத்திரையோ அடிமையாக்கும் மாத்திரையோ அல்ல. இந்த நோயில் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதால், இரண்டு வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான். ஓதிய தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். உம்மா அன்போடு தருவது, குடியுங்கள். மாத்திரையையும் அதே தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். கி.பி. 934-ல் மறைந்த அபூ ஸைத் பல்கீ என்ற முஸ்லிம் அறிஞர், உடம்புக்கு நோய் வருவதுபோல மனதுக்கும் வரும் என்று எழுதி, விடாமல் வரும் வஸ்வாஸுக்கென்றே தனியாக ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். தனிமையைத் தவிர்க்கச் சொல்வது அதில் உள்ள அறிவுரைகளில் ஒன்று. இரவில் உம்மாவோடு படுத்துக்கொள்ளுங்கள்.

நிக்காஹ் கூடுமா? வஸ்வாஸால் ஈமான் போவதில்லை என்றால் அந்தக் கேள்வியே எழவில்லை. ஆனாலும் மார்க்கத் தீர்ப்பை நான் சொல்வதைவிட ஓர் ஆலிம் சொல்வதே முறை. மூன்று பேரில் உங்களுக்கு அதிக நம்பிக்கை உள்ள ஒருவரிடம் ஒரே ஒருமுறை கேளுங்கள். ‘எனக்கு இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார்’ என்ற விஷயத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலைத் தேதி போட்டு எழுதிவைத்துக்கொண்டு, அதன்பின் யாரிடமும் கேட்காதீர்கள், கூகுளிடமும். என் பதிலையும் மறுபடி மறுபடி எடுத்துப் படிக்காதீர்கள். நிம்மதிக்காகப் படிக்கும் மூன்றாவது முறை, நீங்கள் கட்டி அவிழ்க்கும் மூன்றாவது தக்பீர்தான்.

மாப்பிள்ளையிடம் என்ன சொல்வது? வார்த்தையை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாத்திரை எடுக்க ஆரம்பித்தால், அதை நிக்காஹுக்கு முன்பே உங்கள் வாப்பா மூலமாகவோ நேரடியாகவோ சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. தலையணைக்கடியில் மாத்திரையை ஒளித்துக்கொண்டு தொடங்கும் குடித்தனங்களைப் பார்த்திருக்கிறேன். நோயைவிட ஒளிப்பதே அவர்களைச் சாப்பிட்டது. ‘எனக்குப் பதற்ற நோய் ஒன்று இருக்கிறது, வைத்தியம் பார்க்கிறேன், குறைந்து வருகிறது’ என்றால் போதும். துல்ஹஜ்ஜுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால் இந்த வாரமே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கடைசியாகக் கேட்டது: இவ்வளவு எழுதியதே பேசியதாக ஆகிவிடுமா? என் உம்மத்தின் உள்ளங்களில் எழும் ஊசலாட்டங்களை, செய்யாத வரை, பேசாத வரை அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்ற ஹதீஸை எங்கோ படித்திருக்கிறீர்கள், அந்த ‘பேசாத வரை’தான் இப்போது உங்களைப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே பேசுவது என்றால் அந்த எண்ணத்தை ஏற்று, அதுவே உங்கள் கூற்றாக வெளியே விடுவது. வலிக்கிற இடத்தை வைத்தியரிடம் காட்டுவது வேறு. நபியவர்களிடம் வந்த அந்தத் தோழர்களும் என்ன வந்தது என்று சொல்லவில்லை, சொல்லக் கூசுகிற ஒன்று வந்தது என்று மட்டும்தான் சொன்னார்கள். நபியவர்களும் அது என்ன என்று கேட்கவில்லை. நீங்கள் பத்துப் புள்ளி வைத்திருக்கிறீர்கள். நானும் கேட்கவில்லை. மருத்துவர் கேட்டால் அவரிடம் மட்டும் அந்த இடத்தை நிரப்பிச் சொல்லுங்கள். அவர் இதைப்போல நிறையக் கேட்டிருப்பார், நாற்காலியிலிருந்து விழமாட்டார்.